நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது, இன்றைக்கு இன்றைக்காக இருப்பது எப்படி?

வடசேரிக்காரி கேட்டது:

நேரடியாகவே கேட்கிறேன். நேரம் போகிற வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது வேறு கணக்கு. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு நாளின் நடுவிலேயே 'இதுவும் போய்விடுமே' என்று தோன்றி, அந்த நாளையே அனுபவிக்க முடியாமல் ஆகிவிடுகிறது. அதுதான் பிரச்சினை.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார்கள். மகள் பிளஸ் டூ, அடுத்த ஜூனில் எந்த ஊர் ஹாஸ்டலோ. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வீட்டில் இருப்பது அநேகமாக இந்த வருஷம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை. சாயங்காலம் அம்மா சுளகை மடியில் வைத்து முருங்கைக் கீரை ஆய உட்காருவார்கள். இணுக்கை ஒரு கையில் பிடித்து மற்றக் கையால் ஒரே உருவு, இலையெல்லாம் சுளகில், வெறும் ஈர்க்கு கையில். பழுத்த இலையை மட்டும் கண் பார்க்காமலேயே விரல் தள்ளிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் மனசு 'இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கை' என்று கணக்குப் போட ஆரம்பிக்கும், உடனே போனை எடுத்து வீடியோ எடுப்பேன். எடுத்த வீடியோ ஒன்றைக்கூட இதுவரை திரும்பப் பார்த்ததில்லை.

ஆபீஸில் ஒரு பெண் தியான ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். மூச்சைக் கவனி, எண்ணங்களை மேகம்போல் போகவிடு என்கிறது. தூக்கம் நன்றாக வருகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்தக் கணக்குப் போடுகிற மனசுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சபையில் கேட்கலாம் என்றால் அங்கே எல்லாமே வரப்போவதைப் பற்றித்தான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள், வரும் நாட்களில் கர்த்தர் பெரிய காரியம் செய்வார் என்பார்கள், இல்லாவிட்டால் இயேசுவின் வருகை சமீபம் என்பார்கள். இன்றைக்கு, இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு, ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

நீங்கள் நிஜமாக என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வசனத்தை ஒட்டிவிட்டுப் போகாதீர்கள், வசனம் எனக்கும் தெரியும்.


தேரிக்காட்டான்:

அக்கா, வசனம் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் ஒரு கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. வேதாகமத்தில் யாத்திராகமம் 16. எகிப்தை விட்டு வந்த ஜனங்களுக்கு வனாந்தரத்தில் மன்னா என்ற ஆகாரம் வானத்திலிருந்து விழுகிறது, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு எடுத்துக்கொள்ளலாம், விடியற்காலம்வரை ஒருவனும் மீதி வைக்கக் கூடாது என்று மோசே சொல்கிறார். சிலர் கேட்கவில்லை, வைத்தார்கள், பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. ஞாயிறு பள்ளியில் இதைக் கீழ்ப்படியாமைக்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இப்போது அது பயத்தைப் பற்றிய கதையாகத்தான் தெரிகிறது. எடுத்து வைத்தவன் பேராசைக்காரன் இல்லை, நேற்றுவரை எகிப்தில் அடிமையாக இருந்தவன், நாளைக்கும் வானத்திலிருந்து சோறு விழும் என்று அவன் எப்படி நம்புவான்? நீங்கள் கீரையைப் பார்த்துக்கொண்டே வீடியோ எடுப்பதும் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். நாளைக்குப் பஞ்சம் வரும் என்று இன்றைய பங்கைப் பதுக்குகிறீர்கள், இன்றைக்குச் சாப்பிடாமலேயே.

அதற்காக நாளையை மறந்துவிடு என்று அந்தக் கதை சொல்லவில்லை. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னதும் அதே அதிகாரம்தான், மறுநாள் ஓய்வுநாள் என்பதால். அதனால் மகளின் ஹாஸ்டலுக்கு இப்போதே பணம் சேர்ப்பது பதுக்கல் இல்லை. அவள் போன பிறகு வரப்போகிற அழுகையை இப்போதே அழுது வைப்பதுதான் பதுக்கல்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. எல்லார் வீட்டிலும் போல 'இந்த நாளைக் காணச் செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம், கண்மணிபோல் காத்தீரே ஸ்தோத்திரம்' என்று ரயில் மாதிரி ஓடும், யாருக்கும் காதில் ஏறாது. என் மனைவிதான் ஒரு சட்டம் போட்டாள். விண்ணப்பத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு நன்றி, அது இன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், நேற்றுச் சொல்லியிருக்க முடியாததாக இருக்க வேண்டும். முதல் வாரம் சின்னவன் 'பரோட்டாவுக்காக ஸ்தோத்திரம்' என்றான், பெரியவன் சிரித்து ஜெபமே கலைந்துபோயிற்று. ஆனால் போகப்போக ஒன்று நடந்தது. ராத்திரி சொல்ல வேண்டுமே என்று பகலில் தேட ஆரம்பித்தோம். பஸ்ஸில் நின்றுகொண்டு 'சரி, இது இன்றைக்கு என் பங்கு' என்று எதையாவது எடுத்து வைத்துக்கொள்வேன். கவனம் என்பது எனக்கு அப்படித்தான் வந்தது, மூச்சை எண்ணி வரவில்லை.


வடசேரிக்காரி:

தம்பி, பரோட்டா ஸ்தோத்திரம் பிடித்திருக்கிறது. வரப்போகிற அழுகையை இப்போதே அழுவது என்று எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. ஆனால் ஒன்று, வீடியோ எடுப்பதே விசுவாசக் குறைவு என்கிறீர்களா? என் அப்பாவின் குரல் என்னிடம் ஒரு துளி இல்லை. அந்தக் காலத்தில் யாரும் பதிவு செய்யவில்லை. அந்த ஏக்கம் உங்களுக்குத் தெரியாது.


ஓய்வுபெற்ற உபதேசியார்:

மகளே, தேரிக்காட்டுத் தம்பி அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே வாசிக்க வேண்டும். 33ஆம் வசனம். ஒரு கலசத்தில் ஒரு ஓமர் மன்னாவைப் போட்டு, உங்கள் சந்ததியார் பார்க்கும்படி கர்த்தருடைய சந்நிதியிலே வை என்று மோசே ஆரோனிடம் சொல்கிறார். அது கெட்டுப்போகவில்லை. கூடாரத்தில் பயந்து ஒளித்து வைத்தது புழுத்தது, நினைவுக்காகச் சந்நிதியில் வைத்தது நின்றது. ஆகையால் அம்மாவை ஒரு வீடியோ எடுத்து வைப்பதில் குற்றமில்லை. ஒரு கலசம் போதும் என்பதுதான் விஷயம், தினம் ஒரு கலசம் என்றால் சாப்பிட நேரம் ஏது?

எனக்கு இந்தக் கேள்விக்கு முதலில் ஞாபகம் வருவது மறுரூப மலை. இயேசுவின் முகம் சூரியனைப்போல் பிரகாசிக்கிறது, மோசேயும் எலியாவும் பக்கத்தில் நிற்கிறார்கள். பேதுருவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாம் இங்கே இருக்கிறது நல்லது, மூன்று கூடாரம் போடுவோம் என்கிறான். நல்ல நேரத்தைப் பிடித்து வைக்கக் கூடாரம் கேட்ட முதல் ஆள் அவன்தான், இந்தக் காலமாக இருந்தால் போனை எடுத்திருப்பான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் மூடிவிடுகிறது, இவருக்குச் செவிகொடுங்கள் என்று சத்தம் வருகிறது, நிமிர்ந்து பார்த்தால் இயேசு மட்டும். அப்புறம் மலையை விட்டு இறங்குகிறார்கள். இறங்கினதும் கீழே ஒரு தகப்பன் வியாதிக்காரப் பிள்ளைக்காக முழங்கால்படியிட்டு நிற்கிறான். அந்த நேரம் பொய்யானது என்று யாரும் பேதுருவிடம் சொல்லவில்லை, குடியிருக்க முடியாது என்றுதான் காட்டப்பட்டது. வயதான பிறகு தன் இரண்டாம் நிருபத்தில் அவன் அந்தப் பரிசுத்த மலையைப் பற்றி எழுதுகிறான். கூடாரம் போடாமலேயே அது அவனோடு இருந்திருக்கிறது.

தொண்ணூறாம் சங்கீதத்தையும் நாம் அடக்க ஆராதனையில் மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது என்கிற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம், உங்கள் அம்மா வயதில் அதை எண்ணிப் பார்க்காதவர் கிடையாது. ஆனால் 'எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்' என்று கேட்ட கையோடு இரண்டு வசனம் தள்ளி மோசே என்ன கேட்கிறார் பாருங்கள்: நாங்கள் வாழ்நாளெல்லாம் களிகூர்ந்து மகிழும்படி, காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும். எண்ணுவதும் மகிழ்வதும் ஒரே ஜெபத்துக்குள் இருக்கின்றன. உங்கள் மனசு கணக்குப் போடுகிறது என்று வருத்தப்படுகிறீர்கள். கணக்குப் போடட்டும், பாதியில் நிறுத்திவிடாமல் அந்த இரண்டாவது விண்ணப்பம்வரை போங்கள்.


டயாலிசிஸ் வார்டு வாசல்:

பெரியவர் எழுதியது நல்லது. ஆனால் ஒருவராவது இதைச் சொல்ல வேண்டும் என்று வருகிறேன். 'இந்தத் தருணத்தை ரசி' என்பது கையில் நல்ல தருணம் இருக்கிறவர்களின் பேச்சு. என் மனைவிக்கு வாரம் தவறாமல் டயாலிசிஸ். ஒரு தடவை உட்கார்ந்தால் நாலு மணி நேரம். இரண்டு ஊசி, இரண்டு குழாய், ஒன்றில் ரத்தம் வெளியே போகிறது, மற்றொன்றில் திரும்ப வருகிறது. மூன்றாவது மணியில் அநேகமாகக் கால் குரக்களி பிடிக்கும், பாதத்தை நான் மடக்கிப் பிடித்துக்கொள்வேன். முடிந்ததும் எடை பார்ப்பார்கள். இந்த நேரத்தை நான் ரசிக்க வேண்டுமா? போன வாரம் சபையிலிருந்து ஒரு சகோதரர் வந்து 'இதிலும் ஒரு ஆசீர்வாதம் உண்டு பிரதர்' என்றார். பதில் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தைக் காலண்டரில் பூப்படத்தோடு போடுகிறார்கள். வசனத்தின் கடைசிப் பகுதியைப் போடுவதில்லை. அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும். பாடு உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் இயேசு பேசுகிறார். இன்றைக்கு இனிக்கும் என்று அவர் சொல்லவில்லை, இன்றைய பாட்டை மட்டும் தூக்கு என்கிறார். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்குமா, எத்தனை வருஷம், செலவுக்கு என்ன வழி, இவையெல்லாம் வார்டு வாசலில் வந்து நிற்கும். இந்த நாலு மணி நேரத்துக்கு என் வேலை பாதத்தைப் பிடிப்பது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் அவரும் அந்த நேரத்தை ரசிக்கவில்லை, நீங்கிப் போகட்டும் என்றுதான் கேட்டார். கூட விழித்திருக்கத்தான் ஆள் கேட்டார்.

எங்கள் வீட்டுக் கேட்டில் அப்பா காலத்திலேயே 'எபெனேசர்' என்று பொறித்திருக்கிறது. நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீடு இருக்கும். இம்மட்டும் கர்த்தர் உதவிசெய்தார் என்று சாமுவேல் நட்ட கல். இனிமேல் என்று அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கல்லை நட்டபோது அடங்கிப்போன எதிரிகளான பெலிஸ்தர் சவுல் ராஜா காலத்தில் மறுபடியும் வந்தார்கள், அவன் இருந்த நாளெல்லாம் யுத்தம்தான். ஆனாலும் கல் பொய் சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்குள் வண்டியை ஏற்றும்போது ஹெட்லைட் வெளிச்சம் அதன்மேல் விழும். சரி, இம்மட்டும் என்று சொல்லிக்கொண்டு கேட்டைப் பூட்டுவேன்.

அக்காவைக் குறை சொல்லவில்லை. நல்ல நாள் கையில் இருக்கிறவர் அதை விட்டுவிடக் கூடாது என்று தவிப்பது நியாயம்தான். இரண்டையும் ஒரே மருந்து தீர்க்கும் என்று யாரும் எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.


தேரிக்காட்டான்:

அண்ணே, உங்கள் பதிலுக்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை. அண்ணிக்காக இன்று ராத்திரி எங்கள் வீட்டில் ஜெபிப்போம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியது சரியான காரியம்.


கடற்கரைக் கோயில் தெரு:

நான் கத்தோலிக்கப் பெண், தூத்துக்குடி. இங்கே பெரும்பாலும் சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள் பேசுகிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மணி அடிக்கும். மூவேளை செபம். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சல், பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது ஆச்சி அப்படியே நிற்கச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் கட்டத்துக்குள் நின்றபடி செபம் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அதன் அருமையே அதுதான். எல்லாம் முடித்துவிட்டு, மனசு அமைதியான பிறகு வா என்று மணி சொல்வதில்லை. அரைகுறையாக இருக்கிற நேரத்தில், அடுப்பில் குழம்பு இருக்கும்போது, கூப்பிடுகிறது. செய்துகொண்டிருப்பதை விட்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அப்புறம் அதே வேலைக்குத் திரும்பலாம். வடசேரி அக்கா கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எங்களிடம் இருப்பது இந்த மணிதான்.

அருள்நிறை மரியே செபத்தின் கடைசி வரி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' வேண்டிக்கொள்ளும் என்று முடியும். 53 மணிச் செபமாலை முழுவதும் இந்த இரண்டு நேரத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நேற்று இல்லை, அடுத்த ஜூன் இல்லை. எப்போதாவது ஒரு நாள் அந்த இரண்டும் ஒரே நேரமாக வந்து சேரும். எங்கள் ஆச்சி கடைசியாகப் படுத்திருந்தபோது சுற்றி உட்கார்ந்து செபமாலை சொன்னோம். அந்த வரியை அதுவரை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ, அன்றைக்குத்தான் அது எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தேன். எனக்குப் பயம் வரவில்லை. இப்பொழுதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த நேரத்தையும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தது.

இன்னொன்று, ராத்திரியில் ஆன்ம சோதனை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த முறை. பாவத்தைத் தோண்டி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் எழுதி வைத்த வரிசையில் முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான், பாவம் எல்லாம் அதற்கு அப்புறம். காலையிலிருந்து மணிவாரியாக நடந்து வருவேன், எங்கே நன்றாக இருந்தது, எங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று. தேரிக்காட்டுத் தம்பி வீட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இதுதான், பரோட்டா உட்பட.

டயாலிசிஸ் அண்ணன் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். 'கூட விழித்திருக்கத்தான் ஆள் கேட்டார்' என்கிற இடத்தில் அவர் டிவியை நிறுத்திவிட்டார்.


ஓய்வுபெற்ற உபதேசியார்:

செபத்தை மனப்பாடமாகச் சொல்வது பற்றித் தங்கை எழுதியதும் பரிசுத்த அகுஸ்தீன் ஞாபகம் வருகிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ பட்டணத்துப் பேராயர், 400ஆம் ஆண்டை ஒட்டி எழுதினவர். தன் வாழ்க்கையைச் சொல்கிற நூலில் 11ஆம் புத்தகத்தில் பெரும்பகுதியும் காலம் என்றால் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். போனது இப்போது இல்லை, வரப்போவது இன்னும் இல்லை, இருப்பதோ நிற்பதில்லை, அப்படியானால் நாம் எதை அளக்கிறோம்? அவர் எடுத்துக்கொள்கிற உதாரணம் தெரிந்த ஒரு பாட்டைப் பாடுவது. தொடங்குமுன் பாட்டு முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பாடப் பாட ஒவ்வொரு அடியாக நினைவுக்குள் போகிறது. பாடுகிறவனுடைய கவனம் மட்டும் இங்கே இருக்கிறது, அதன் வழியாகத்தான் வரப்போவது போனதாக மாறுகிறது. ஒரு மனுஷனுடைய ஆயுசும் அப்படியே என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடும்போது இதைச் சோதித்துப் பாருங்கள் மகளே. சரணம் முடியப்போகிறதே என்று யாரும் பல்லவியிலேயே அழுவதில்லை. முடியாத பாட்டைப் பாடவும் முடியாது.


வடசேரிக்காரி:

ஐயா, கடைசி இரண்டு வரிக்காக உங்களோடு சண்டை போடலாம் என்று இருக்கிறேன், பாட்டை மறுபடி பாடலாம், அம்மாவை அப்படி முடியாது. ஆனால் அந்தக் கலசம் விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நேற்று ராத்திரி போனில் இருந்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன். வைத்துக்கொண்டதில் அம்மா கீரையைப் பார்க்கவில்லை, 'போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் ஆய்ந்து கொடு' என்று என்னைத் திட்டுகிறார்கள்.

டயாலிசிஸ் வார்டு வாசலில் நிற்கிற அண்ணன், நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சு இனிப்பாகவே போயிருக்கும். அண்ணிக்கு எந்தெந்தக் கிழமை என்று சொன்னால் அந்த நாலு மணி நேரத்தில் நானும் ஜெபித்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடி தங்கைக்கு ஒரு கேள்வி. எங்கள் பக்கம் கோயில் மணி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சிஎஸ்ஐக்காரி மூவேளை செபம் சொன்னால் யாராவது கோபிப்பார்களா?


கடற்கரைக் கோயில் தெரு:

யார் கோபிக்கப் போகிறார்கள் அக்கா, தாராளமாகச் சொல்லுங்கள். மாதாவிடம் வேண்டுவதற்குத் தயக்கமாக இருந்தால் மூன்று வேளையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுங்கள். அது எங்கள் வழக்கத்தைவிடப் பழையது. திதகே என்று ஆதிச் சபைக் காலத்துச் சிறிய நூல் ஒன்று உண்டு, அதன் 8ஆம் அதிகாரத்தில் அந்த ஜெபத்தை எழுதிவிட்டு, தினமும் மூன்று தடவை இப்படி ஜெபியுங்கள் என்று இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்று காலையிலும் மதியமும் சாயங்காலமும் கேட்டால் நாளைக்காகக் கேட்க இடமே இருக்காது.

மணிக்கு போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி அலாரம் மட்டும் ஆபீஸில் வைப்ரேஷனில் இருக்கட்டும், எனக்கு ஒரு தடவை மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது அடித்துவிட்டது.


டயாலிசிஸ் வார்டு வாசல்:

செவ்வாய், வெள்ளி. காலை ஏழிலிருந்து பதினொன்று. நன்றி அக்கா.